எடுக்காமல் விட்ட சிரிப்பு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கிருபைராஜ் ஆகிய நான். என் தங்கை பிரிஸில்லா. காலஞ்சென்ற என் தம்பியின் மகன் ரிச்சர்ட், படம் அவனுடையது. கேமரா பிடித்த நெல்லையப்பன். ஒலி எடுத்த கமர் நிஷா. மகளாக நடித்த இசக்கித்தாய். வெளிச்சத்துக்கு அட்டை பிடித்த பெனிட்டோ. ஏழு பேர். மந்திரவாதி வரவில்லை. கோடாங்கி வரவில்லை. எங்கள் சபைச் சேகரத்திலிருந்தும் ஒருவரும் வரவில்லை. வேறு யாராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால் அவர் பொய் சொல்கிறார்.

நான் ஜில்லா கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். பார்த்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

நாளை காலை இந்த வீட்டில் ரிச்சர்டுக்கு நிச்சயதார்த்தம். அதற்காகக் களக்காட்டிலிருந்து பெண் வீட்டார் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி எல்லோரும் நெருங்கி உட்கார்ந்திருக்கிறோம். சாப்பாடு முடிந்ததும் பெண்ணின் சித்தி ஒரு கதை சொன்னார்கள், தன் சிநேகிதியின் உறவில் நடந்ததாக. யார் வீட்டுக் கதை என்று தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே சொன்னார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. அது சிநேகிதியின் உறவு இல்லை, அம்மா. என் உறவு. என் தங்கை.

ஆகவே நானே சொல்கிறேன். கேட்ட பிறகு எங்கள் பையனுக்குப் பெண் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு பொய்யைக் கேட்டுவிட்டு யாரும் இங்கிருந்து எழுந்து போகக் கூடாது.

பகல் பன்னிரண்டு மணி. ராத்திரி இல்லை. நல்ல வெயில்.

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் எங்கள் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. ரோட்டிலிருந்து உள்ளே மண் பாதை. இரண்டு பக்கமும் உடைமரம். அந்த நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. வீட்டுக்குப் பின்னால் வாழைத் தோட்டம், அதற்குப் பின்னால் ஆறு. தம்பி போன பிறகு வீடு பூட்டியே கிடந்தது.

ரிச்சர்ட் வார நாட்களில் பேட்டையில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் படம் எடுப்பான். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் அவரவர் வேலையை விட்டுவிட்டு, ஆசைக்காக வந்தவர்கள். நெல்லையப்பன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுதான் அவனுக்கு முடியும். கமர் நிஷா மேலப்பாளையத்துப் பெண். மைக்கை எங்கள் தோட்டத்துத் துரட்டிக் கம்பின் நுனியில் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்பாள். பெரிய விளக்கு கிடையாது. பெனிட்டோ ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடிப்பான், அந்த வெளிச்சம் முகத்தில் விழும். அதனால்தான் உச்சி நேரம். அப்போதுதான் கூடத்தில் வெயில் வரும்.

சம்பளம் இல்லாவிட்டாலும் சாப்பாடு உண்டு. அதைச் சமைத்துக் கொண்டு வருவது பிரிஸில்லா. பள்ளிக்கூடத்தில் தையலும் பாட்டும் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னோடுதான் இருக்கிறாள். எங்கள் வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. அப்பா காலத்திலிருந்து அப்படி. பிரிஸில்லா மட்டும் சிரிப்பாள். தெரு முனைக்குக் கேட்கும். நான் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன்.

அன்றைக்கு எடுக்க வேண்டியது சாவு வீட்டுக் காட்சி. தாய் இறந்து கிடக்கிறாள், வெளியூரிலிருந்து மகள் வந்து சேருகிறாள். மகள் இசக்கித்தாய், துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண், நன்றாக நடிப்பாள். தாயாகப் படுக்க பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் வருவதாக இருந்தது. காலையில் போன் வந்தது. மகன்கள் விடவில்லையாம். காசு வாங்காமல் பிணமாகப் படுக்க யார்தான் வருவார்கள்?

ரிச்சர்ட் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நெல்லையப்பனுக்கு அடுத்த மாதம் வரை ஓய்வு ஞாயிறு கிடையாது.

பிரிஸில்லா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“ஏலே ரிச்சர்டு, சும்மா படுத்துக் கெடக்கதுக்கு என்னலே பெரிய நடிப்பு வேண்டியிருக்கு? நான் கெடக்கேன்.”

எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண் சினிமாவிலா? ஆனால் பையன் முகத்தைப் பார்த்தேன். பிணத்துக்கு வசனம் இல்லை, ஆட்டம் பாட்டம் இல்லை. கண்ணியமான காட்சிதான். சரி என்றேன்.

சரி என்ற பிறகு அரைகுறையாக இருக்கக் கூடாது. அவர்கள் ஒரு பிளாஸ்டிக் கட்டிலும் கதர்த் துண்டும் வைத்திருந்தார்கள். எங்கள் அப்பா கட்டிய கூடம் ஊர் பார்க்கப் படத்தில் வரப்போகிறது. அதில் பிச்சைக்காரன் சாவு போலவா கிடத்துவது? உள் அறையிலிருந்து தேக்கு பெஞ்சைத் தூக்கி வரச் சொன்னேன். எங்கள் அப்பாவையும் அம்மாவையும் தம்பியையும் கிடத்திய பெஞ்சு அது. அம்மாவின் வெள்ளைப் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். தாடைக்கட்டு எப்படிக் கட்டுவது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, நானே கட்டினேன். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து நானே முடிச்சுப் போட்டேன். முறையாகத்தான் போட்டேன்.

தாடையைக் கட்டுவதற்கு முன்னால் பிரிஸில்லா என்னைப் பார்த்துச் சொன்னாள்: “செத்தாத்தான் எங்க அண்ணன் எனக்கு அலங்காரம் பண்ணுவாகன்னு இன்னைக்குல்லா தெரியுது.” சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. கூடமே அதிர்ந்தது. பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அவள் சிரித்ததை நான் கேட்டது அதுதான் கடைசி.

மின்விசிறியை நிறுத்தினார்கள், அதன் சத்தம் மைக்கில் விழுமாம். ஓட்டுக் கூரை வெயிலில் டக்... டக்கென்று தெறித்தது. வாழைத் தோட்டத்தில் ஒரு மயில் கத்தி ஓய்ந்தது. கமர் நிஷா பிணத்தின் முகத்துக்கு நேராகக் குனிந்து ஒரு தட்டுத் தட்டினாள். கிளாப் பலகைக்குப் பதில் கைதட்டல்.

முதல் தடவை சரியாக வரவில்லை. பிரிஸில்லாவின் வயிறு ஏறி இறங்கியது. “டீச்சர், அலைல கெடக்க வள்ளம் மாதிரி இருக்கு” என்றான் பெனிட்டோ. அவன் கடற்கரைக்காரன். இரண்டாவது தடவை அவளுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது தடவை...

அசைவே இல்லை. இசக்கித்தாய் வாசலிலிருந்து ஓடி வந்து, பெஞ்சின் தலைமாட்டில் விழுந்து, நீண்ட நேரம் அழுதாள். அத்தனை நேரமும் வெள்ளைப் பட்டில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. கட் சொன்னதும் ரிச்சர்ட் கைதட்டினான். இசக்கித்தாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. “டீச்சர் கை ரொம்பக் குளுந்து கெடக்கு” என்றாள்.

கூப்பிட்டோம். சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். அப்போது நெல்லையப்பன் என்னிடம் வந்தான்.

“ஐயா, ஒரே ஒரு ஷாட் பாக்கி இருக்கு. பொணமாப் படுத்தவகளை அந்த எடத்துலயே எந்திக்க வச்சு, கேமராவைப் பாத்துச் சிரிக்க வச்சு எடுத்துரணும். அது படத்துக்கு இல்ல. அது எடுக்காம கேமராவை மூடக் கூடாதுன்னு எங்க வாத்தியார் சொல்லித் தந்திருக்காரு. கடைசியா கேமராவுல பதிஞ்சது சாவா இருக்கக் கூடாது.”

சினிமாக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். பூசணிக்காய் உடைப்பதுபோல. நான் முடியாது என்றேன். நூற்றைம்பது வருஷமாகச் சபையில் இருக்கிற குடும்பம். திருஷ்டி, கழிப்பு ஒன்றும் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. அதிலும், அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண் கேமராவுக்கு முன்னால் பல்லைக் காட்டிச் சிரித்தாள் என்று நாளைக்கு எவனாவது போனில் போட்டுப் பார்க்கவா? ரிச்சர்ட், “பெரியப்பா, ஒரு நிமிசம்தான்” என்றான். அவனையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். பிரிஸில்லாவை அப்படியே காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

நான் சொன்னதில் தவறு இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பிரிஸில்லா வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் கோத்துக்கொண்டாள். கால்களை ஒட்ட வைத்துக்கொண்டாள். ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறவள் அவள். காலையில் போய்ப் பார்த்தால் அதே கிடப்பு. போர்வையில் சுருக்கம் இல்லை.

ஊட்டினால் சாப்பிட்டாள். கேட்டால் பதில் சொன்னாள். ஆனால் எங்கேயோ தூரத்திலிருந்து சொல்வது போல. டாக்டர் வந்து பார்த்தார். பிரஷர், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கிறது, நாடி மட்டும் மெதுவாக ஓடுகிறது, வயதாகிறதல்லவா என்றார். பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து அவள் முன்னால் சேட்டை செய்தது. அதைப் பார்த்தாள்... உதட்டைச் சிரிப்புக்கு எப்படி வைப்பது என்று மறந்துபோனவள் மாதிரி பார்த்தாள். குழந்தை அழுதுகொண்டே ஓடிவிட்டது.

அறையில் ஒரு வாசனை. வாடிய சம்பங்கி. காட்சிக்காக அவளுக்குப் போட்ட மாலை துணிப்பூ. நிஜப் பூவுக்குக் காசு இல்லை. நான் கட்டில் அடியெல்லாம் தேடினேன். வீட்டில் எங்கும் பூ இல்லை.

வியாழக்கிழமை பிரிஸில்லா என்னிடம், “அண்ணே, என்னைய எப்ப எடுப்பாக?” என்று கேட்டாள். எதற்கு எடுப்பது என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலையே ரிச்சர்டைக் கூப்பிட்டேன். அந்த ஷாட்டை எடுத்துவிடு என்றேன். என் கொள்கை மாறவில்லை. ஆனால் அவள் என் கூடப் பிறந்தவள். அவள் மறுபடி தெரு முனைக்குக் கேட்கிற மாதிரி சிரித்தால் போதும், கண்டிக்க மாட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். சபையில் யாருக்கும் தெரியக் கூடாது என்று மட்டும் சொன்னேன். நெல்லையப்பன் முகூர்த்தத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தான். மற்ற மூவரும் கேள்வி கேட்காமல் வந்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் மறக்க மாட்டேன்.

மறு ஞாயிறு. அதே உச்சி நேரம். ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. காரை மண் பாதையில் திருப்பும்போது பிரிஸில்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

கதவைத் திறந்தோம். அடைத்துக் கிடந்த வீட்டில் சூடு இருக்க வேண்டும். கூடம் குளிர்ந்து கிடந்தது. சம்பங்கி வாசனை அங்கேதான் அதிகம். பெஞ்சு போன வாரம் போட்ட இடத்திலேயே கிடந்தது. கால்மாட்டில் நான் கட்டிய விரல் துணி... முடிச்சு அவிழவில்லை. போன வாரம் அவள் கால் அதிலிருந்து எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எல்லாம் போன தடவை இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்றான் நெல்லையப்பன். அதே சேலை, அதே கட்டு. அவளைப் படுக்க வைத்தோம். பெனிட்டோ அட்டையைப் பிடித்தான். பின்வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தவன் ரிச்சர்ட். தாழ் விழுந்த சத்தத்தை நாங்கள் எல்லோரும் கேட்டோம். கமர் நிஷா கை தட்டினாள்.

“பிரிஸி, எந்தி” என்றேன். “எந்திச்சுச் சிரி, அம்மா.”

அவள் அசையவில்லை.

கூரை தெறிக்கவில்லை. மயில் கத்தவில்லை. காத்திருந்தோம். நான் மறுபடி கூப்பிட்டேன். கண் மூடியே இருந்தது. நெஞ்சின் மேல் கோத்த கை அப்படியே இருந்தது.

“வாராங்க” என்றான் நெல்லையப்பன்.

அவன் கண் கேமராவின் சின்னத் திரையில் இருந்தது. முகம் மலர்ந்திருந்தது. “எந்திக்காங்க ஐயா... அப்படித்தான் டீச்சர்... பைய எந்திங்க...” என்று சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கி பெஞ்சைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

“ஐயா, இங்கன வந்து பாருங்க” என்றான். சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான்.

போய்ப் பார்த்தேன். நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன், கேள்விப்பட்டதை இல்லை.

பெஞ்சில் என் தங்கை படுத்திருந்தாள். எனக்கு ஐந்தடி தூரத்தில். கண்ணை எடுத்துத் திரையில் வைத்தால், அதே பெஞ்சில் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் பட்டு. தாடைக்கட்டு அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. காலைத் தரையில் வைத்தாள். எழுந்தாள். கேமராவுக்கு நேராக வந்தாள். வந்து, என் கண்ணுக்குள் பார்க்கிற மாதிரி பார்த்து, வாய்விட்டு, பல் முழுவதும் தெரிய... சிரித்தாள். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

கமர் நிஷா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. “சிரிக்காவ” என்றாள். “ஐயா, என் பக்கத்துல நடந்து போறாவ. கொலுசு இல்லாத காலு. அடுப்படிப் பக்கம் போறாவ...”

திரையில் அவள் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அங்கே வெறும் பெஞ்சு தெரிந்தது.

அப்புறம் பின்வாசல் தாழ் விலகிய சத்தம். அது ஹெட்போனில் இல்லை. எல்லோரும் காதாலேயே கேட்டோம்.

பெனிட்டோதான் ஓடினான். கடலில் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை, பயப்பட மாட்டான். கதவு விரியத் திறந்து கிடந்தது. வாழைத் தோட்டத்தில் ஆள் இல்லை. ஒரே ஒரு வாழை இலை மட்டும், யாரோ ஒதுக்கிவிட்டுப் போன மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி வந்து அட்டையை எடுக்கவில்லை. இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது.

பெஞ்சில் பிரிஸில்லா கண்ணைத் திறந்தாள். ஜன்னல் வெயிலைப் பார்த்தாள்.

“முடிஞ்சிட்டா?” என்று கேட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. பதிவானதை யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது என்றேன், யாரும் பார்க்கவில்லை. படம் நின்றுவிட்டது. ரிச்சர்ட் அதற்குப் பிறகு கேமராவைத் தொடவில்லை. பிரிஸில்லாவை இங்கே கொண்டு வந்து சேர்த்தேன். நடக்கிறாள், குளிக்கிறாள், கஞ்சி குடிக்கிறாள். பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள், பாடுவதில்லை. புத்தி தெளிவாக இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பைத்தியம் என்று எவருக்கும் இருந்ததில்லை. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம். உச்சி நேரத்தில் மட்டும் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பாள். “போனவ வந்துட்டாளா, அண்ணே?” இன்னும் வரவில்லை என்பேன். தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

இனி பெண்ணின் சித்தி சொன்ன கதைக்கு வருகிறேன். செத்துப்போன டீச்சர் ஒருத்தி ஆவியாகி, சீவலப்பேரி ரோட்டில் அந்த மண் பாதை முகப்பில் நிற்கிறாள், உச்சி வெயிலில் பஸ்ஸில் போகிறவர்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள் என்றீர்கள். நிற்பது உண்மை. சிரிப்பதும் உண்மை, போன மாதம் நானே பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஆனால் அது பிரிஸில்லா என்பது பொய். பிரிஸில்லா சாகவில்லை. இதோ, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள். அன்றைக்குப் பிறகு அவள் வாசற்படி தாண்டியதில்லை. ரோட்டில் நிற்பது எங்கள் வீட்டுப் பெண் இல்லை.